மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர்

அந்த அக்காவின் கை முதன்முதலில் என் மேல் பட்டது தாடைக்குக் கீழே. புனேயில், கட்கிப் பகுதியில் அவர் வீட்டு மாடிக்குக் குடி வந்த மூன்றாம் நாள் காலை அது. சாகணில் இருக்கும் கம்பெனிக்குப் புறப்பட்டு, பைக்கைக் கேட்டுக்கு வெளியே எடுத்து, ஹெல்மெட்டை மாட்டியிருந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஈரக் கையோடு என் ஹெல்மெட் பட்டையைப் பிடித்து வெடுக்கு வெடுக்கென்று மூன்று முறை இழுத்தார். என் தலை மூன்று முறை ஆடியது. "ம், போ" என்று சொல்லிவிட்டு மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டார்.

ஹெல்மெட் போடச் சொன்னாலே சண்டைக்கு வருகிற ஊர் புனே. அந்த ஊரில், ஒழுங்காகப் போட்டவனையும் வாசலில் நிறுத்திச் சோதனை போடுகிற ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. காரணம் இருந்தது. நான் வேலை பார்ப்பது தரப் பரிசோதனைப் பிரிவில். அடுத்தவன் முடுக்கிய போல்ட் சரியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் மேல் பச்சைப் புள்ளி வைப்பது என் பிழைப்பு. நாள் முழுக்க ஊரைச் சோதிக்கிறவனுக்குத் தன்னை ஒருவர் சோதித்தால் தாங்காது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்காகக் கட்கிக்கு வந்த குடும்பம். வீட்டில் தூத்துக்குடித் தமிழ், கடையில் மராத்தி, பஸ்ஸில் இந்தி, வேலை பார்த்த கேம்ப் பகுதிப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இங்கிலீஷ். சில சமயம் ஒரே வாக்கியத்தில் நான்கும் வரும். ஆனாலும் யாராவது இதைப் படித்துக் காட்டினால் 'பேரை எதுக்குப் போட்ட' என்று பெங்களூரிலிருந்து போன் போட்டுத் திட்டுவார். தம்பி குடும்பத்தோடு இருக்கலாம் என்று அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது.

கையில் எது கிடைத்தாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். சிலிண்டர் மாற்றினால் கேஸ் டியூபை இழுப்பார். மொட்டை மாடிக் கொடியில் துணி போடுவதற்கு முன், தானே அதில் தொங்கப் போகிற மாதிரி இழுப்பார். கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டினால், கட்டியவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் கீழேயிருந்து வயரை இழுத்துவிடுவார். ஒருமுறை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் ஷூ லேஸ் அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து, குனிந்து அதைக் கட்டி, இழுத்தும் பார்த்திருக்கிறார். தன் பையைத்தான் அறுக்கிறாள் என்று நினைத்து அந்தப் பெரியவர் கூச்சல் போட்டாராம். இதை அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. கணபதி சமயத்தில் எங்கள் தெருமுனையில், விழா நடத்துகிற மண்டல்காரர்கள் ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே, தெருவுக்குக் குறுக்காக. இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்தி, தொங்கிய கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டாவது இழுப்புக்குத் தேவை வரவில்லை. இரும்புச் சட்டத்தோடு பேனர் அப்படியே சரிந்து அவர் ஸ்கூட்டருக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். வீம்புக்குத் தள்ளிவிட்டதாகவே ஒருவன் சொன்னான். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கூட்டத்துக்கு நடுவில் நின்று மராத்தியில் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"விழுறதா இருந்தா நான் நிக்கும்போதே விழட்டும்னேன். பிள்ளைக போகும்போது விழுந்தா யாரு பதில் சொல்லுவா?"

மறு வருஷம் பேனர் கட்டி முடித்ததும் மண்டல்காரர்களே வந்து அவரைக் கூட்டிப்போனார்கள்.

அவருக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. தூண்டில் போடுகிறவர் என்று தெரிந்த பிறகுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் புடவையை மாற்றி சல்வார் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு கிளம்பிவிடுவார். சாகணைத் தாண்டி உள்ளே போனால் ஒரு அணையின் நீர்ப்பரப்பு. அங்கே மீன் குத்தகைக்காரரிடம் வாங்கிய அனுமதிச் சீட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். என்னையும் மனைவியையும் கூப்பிட்டார். எனக்குத் தொற்றிக்கொண்டது. கேம்ப் கடைவீதியில் அலைந்து ஒரு நல்ல தூண்டில் ராடும் ரீலும் வாங்கினேன். என் மனைவி மரத்தடியில் புத்தகத்தோடு உட்காருவாள். அவருக்கு ராடு பிடிக்காது. காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு மட்டும்தான். நைலான் நரம்பை அவர் தங்கூசி என்பார். அந்த வார்த்தை மூன்று தலைமுறையாகப் புனேயில் இருந்தும் அவர் வாயிலிருந்து போகவில்லை.

தூண்டில் முள்ளை நரம்பில் கட்டுகிற விஷயத்தில் அவர் வேறு ஆளாகிவிடுவார். பேச்சு நின்றுவிடும். முள்ளின் காதில் நரம்பை நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, திருப்பிக் கொண்டுவந்து, காதை ஒட்டியிருக்கும் சின்ன வளையத்தில் விட்டு, பிறகு இப்போது உண்டான பெரிய வளையத்திலும் விட்டு எடுப்பார். இதுவரை யாரும் செய்வார்கள். அதற்கப்புறம்தான் அவர். முடிச்சை வாயில் வைத்து எச்சில் தொடுவார். தொட்டு, மெதுவாக, சுருள்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிகிற மாதிரி இறுக்குவார். ஈரமில்லாமல் இறுக்கினால் நரம்பு நரம்போடு உரசிச் சூடாகி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நைந்துபோகும் என்பார். பிறகு முள்ளை ஒரு வேர்க்கட்டையில் மாட்டி மூன்று இழுப்பு. அதன் பிறகுதான் தண்ணீர்.

எச்சில் தொடுவது எனக்கு அருவருப்பாக இருந்தது. புழு பிசைந்த கையால் பிடித்த நரம்பை வாயில் வைப்பதா? தொட்ட மாதிரி வாயருகே கொண்டுபோய்விட்டு இறுக்கிவிடுவேன். ஒரு நாள் கட்லா ஒன்று என் முள்ளைக் கவ்வியது. ராடு வில்லாக வளைந்தது. நாலைந்து கிலோ இருக்கும். கரைக்குப் பத்தடியில் முதுகு தெரிந்த நேரத்தில் கனம் காணாமல் போனது. மீனும் இல்லை, முள்ளும் இல்லை. நரம்பு அறுந்துவிட்டது, மட்டமான சரக்கு, கடைக்காரனை விடப்போவதில்லை என்று குதித்தேன்.

அவர் வந்து நரம்பின் நுனியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. அறுந்த நரம்பின் நுனி நேராக இருக்கும், பாறையில் உரசிப் போனால் சொரசொரப்பாக இருக்கும், முடிச்சு உருவிக்கொண்டு போனால் மட்டும்தான் இப்படிச் சுருண்டு வரும் என்று விளக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எச்சி தொடல."

தொட்டேன் என்று சொன்னேன். அவர் சுருண்ட நுனியை வெட்டித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். கரையில் நரம்பைப் போட்டால் கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும் என்று ஒரு துண்டைக்கூட விட்டுவைக்க மாட்டார். அன்று முதல் என் முள்ளையும் அவரே சோதிக்க ஆரம்பித்தார். நான் கட்டி முடித்ததும் கையை நீட்டுவார். இழுப்பார். பிடிக்கவில்லை என்றால் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவார். பத்தில் எட்டு முறை அவருக்குப் பிடிக்காது. நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவு மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானும் வருகிறேன் என்று வந்து சேர்ந்தார். மராட்டியர், நல்ல மனிதர், ஆனால் கிண்டல்காரர். அவருக்குக் கட்டிக் காட்டுகிறேன் பேர்வழி என்று நான் முள்ளைக் கட்டிக்கொண்டே நரம்பின் தாங்குதிறன் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். முடித்து நிமிர்ந்தபோது அக்காவின் கை நீண்டது. ஒரே இழுப்பு. முள் அவர் கையோடு போய்விட்டது. அவர் புதிதாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அது கம்பெனி முழுவதும் பரவிவிட்டது. நான் பச்சைப் புள்ளி வைத்த போல்ட்டையெல்லாம் ஆட்கள் எனக்கு முன்னாலேயே இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேன்டீனில் என் தட்டை இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் சிரித்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வரும் வழியில் மோஷியில் டிராபிக்கில் ஒரு மணி நேரம் நின்று, வெந்து நொந்து வீட்டுக்கு வந்தால், அக்கா கேட்டருகே என் மனைவியின் ஹெல்மெட் பட்டையை இழுத்துக்கொண்டு நின்றார். எனக்குள் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"அக்கா, இனிமே என் பொருள் எதையும் நீங்க தொட வேணாம். என் முள்ளு, என் கயிறு, என் ஹெல்மெட்டு, எதையும். நான் ஒண்ணும் சின்னப்பிள்ளை இல்ல."

அவர் கை மனைவியின் பட்டையிலிருந்து விலகியது. கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி தம்பி. தொடல" என்றார்.

சொன்னதை அப்படியே காப்பாற்றினார். அதுதான் எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. காலையில் நான் ஹெல்மெட்டோடு நிற்பேன், அவர் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. வருவார், சிரிப்பார், டப்பாவிலிருந்து சுண்டல் எடுத்துத் தருவார். என் முள் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். "அந்தக்கா பயந்துபோய் இருக்காங்க" என்றாள் மனைவி. பயமாவது ஒன்றாவது, நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் எனக்குப் பட்டது.

மழைக்காலம் முடிந்து அணை நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதுகுப் பக்கமாக மலையிலிருந்து தண்ணீரை நோக்கிக் காற்று அடித்தது. கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. அங்கே வலை போடுகிற ஒரு மீனவர், மாமா என்று எல்லோரும் கூப்பிடுவோம், தன் ட்யூபை எங்களிடம் விட்டுவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊருக்குள் போயிருந்தார். லாரி ட்யூப், நடுவில் உட்காரக் கயிற்றால் பின்னியிருக்கும். ஒரு கைப்பலகையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

மூன்று மணி வாக்கில் என் முள் எதிலோ மாட்டிக்கொண்டது. தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் வேலமரம். கரையிலிருந்து ஐம்பதடி இருக்கும். பிடித்து இழுத்தால் நரம்பு எங்கேயாவது அறுந்து வரும், அப்படிச் செய்துவிடலாம் என்றேன். அத்தனை நரம்பையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டு வருவதா, மாமா வலைதானே நாளைக்கு மாட்டும் என்று அவர் ட்யூபில் ஏறத் தயாரானார். நீச்சல் தெரியுமா என்று மனைவி கேட்டாள். தெரியாது. கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தும் கடலை அவர் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். ட்யூபில் கயிறு கட்டிக் கரையில் முடிந்துவைத்தால் போதும் என்றார்.

ட்யூபில் ஒரு முனையை அவர் கட்டினார். கரை முனையை நான் வாங்கிக்கொண்டேன். அந்த வாரம்தான் வாங்கிய புது நைலான் கயிறு, எண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று இருந்தது. ஒரு கருவேலக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவர் அந்த வழியாக வந்தார். கட்டையருகே நின்றார். அவர் கை நீண்டது. நன்றாகப் பார்த்தேன், விரல்கள் கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி வந்துவிட்டன. பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை இழுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ட்யூபில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒரு பயனும் இல்லை.

மரத்தருகே போய், முள் மரத்தில் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று கையால் காட்டினார். கத்தியை எடுத்து முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிட்டார். நான் வெறும் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மனைவி கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. கட்டையைப் பார்த்தேன். அதில் கயிறு இல்லை.

கயிற்றின் நுனி தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. ஓடிப்போய் இறங்கினேன். நாலடி வைத்ததும் நெஞ்சு வரை வந்துவிட்டது, அடுத்த அடிக்குத் தரை இல்லை. எனக்கும் நீச்சல் தெரியாது. தடுமாறிக் கரையேறுவதற்குள் ட்யூப் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. நரம்பை வெட்டும்போது மடியில் வைத்திருந்த கைப்பலகை நழுவித் தனியாக மிதந்தது. அவர் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினார். தள்ளியதைக் காட்டிலும் அதிகமாகக் காற்று அவரைக் கொண்டுபோனது. நனைந்த கயிற்றை இழுத்துச் சுருட்டி எங்களை நோக்கி வீசினார். எதிர்காற்றில் பாதிகூட வரவில்லை. அதற்கப்புறம் நடு அணை. அங்கே அலை வெள்ளையாகப் புரள்வது கரையிலிருந்தே தெரிந்தது.

மனைவி மாமாவைக் கூப்பிட மேட்டில் ஏறி ஓடினாள். போனில் சிக்னல் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு ராடு, அதில் முள்ளில்லாத நரம்பு.

பெட்டியைத் திறந்து இருப்பதிலேயே பெரிய முள்ளை எடுத்தேன். ஈயக்குண்டைக் கோத்தேன். முள்ளின் காதில் நரம்பு போக மாட்டேனென்றது. நாலாவது தடவை போயிற்று. சுற்றினேன், எத்தனை சுற்று என்று தெரியாது, விட்டேன், இறுக்கினேன். எறிந்துவிடலாம் என்று ராடைத் தூக்கியும்விட்டேன். என்னவோ தோன்றி முள்ளைக் கருவேலக் கட்டையில் மாட்டி இழுத்தேன். முதல் இழுப்பு நின்றது. இரண்டாவதில் முள் கட்டையிலேயே நிற்க, நரம்பு மட்டும் என் கையோடு வந்தது. நுனி பன்றி வாலாகச் சுருண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையால் துழாவுவதை நிறுத்திவிட்டிருந்தார். ட்யூபில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசினால் காற்று அவரிடம் கொண்டுபோகும், அவர் பேசினால் எனக்கு எட்டாது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்தார். பிறகு இரண்டு முஷ்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்து வைத்து, இழுத்துக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, பள்ளிக்கூட அலுவலகத்தில் யாருக்கோ மனு எழுதச் சொல்லித் தருகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல். அவர் சொல்லி முடிப்பதற்குள் ட்யூப் இன்னும் பத்தடி தள்ளிப் போயிருந்தது.

நான் உட்கார்ந்தேன். ராடை மடியில் வைத்துக்கொண்டேன். சுருண்ட நுனியை வெட்டினேன். வாய்விட்டு எண்ணிச் சுற்றினேன். ஐந்து. சின்ன வளையம், பெரிய வளையம். முடிச்சை வாயில் வைத்தேன். எச்சில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அருவருப்பில் தொடாமல் ஏமாற்றியவனுக்கு இன்றைக்குத் தொடலாம் என்றால் வாயில் ஒரு சொட்டு இல்லை. குனிந்து முடிச்சை அணைத் தண்ணீரிலேயே முக்கினேன். மெதுவாக இறுக்கினேன். சுருள்கள் வரிசையாக வந்து படிவது கண்ணுக்குத் தெரிந்தது. கட்டையில் மாட்டி இழுத்தேன். மூன்றுக்கும் நின்றது. இதற்கெல்லாம் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் ஒரு தடவைகூட அவர் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் கை நின்றுவிடும் என்று.

முதல் வீச்சு இடப்பக்கமாகப் போய் விழுந்தது. சுற்றி எடுத்து மறுபடி வீசினேன். முதுகிலிருந்து அடித்த காற்று இந்த முறை எனக்காக வேலை செய்தது. ஈயக்குண்டு அவர் தலைக்கு மேலே பறந்து ட்யூபைத் தாண்டி விழுந்தது. ரீலில் நரம்பு கொஞ்சம்தான் மிச்சம். அவர் நரம்பைப் பிடித்து, முள்ளைத் தேடி எடுத்து, ட்யூபின் கயிற்றுப் பின்னலில் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினார்.

மீனை இழுப்பது மாதிரி இழுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. ராடைச் சாய்த்துப் பின்னாலேயே நடப்பேன், நரம்பைத் தளரவிடாமல் சுற்றிக்கொண்டே முன்னால் வருவேன், மறுபடி பின்னால் நடப்பேன். காற்று வேகமாக அடித்தால் நின்றுவிடுவேன். நரம்பு கம்பி மாதிரி விறைத்து மெலிசாக ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எப்போது நிற்குமோ என்று காது அங்கேயே இருந்தது. ஒரு பெண்ணுடைய உயிர் என் கையால் கட்டிய ஒரு முடிச்சில் நிற்கிறது, அந்த முடிச்சு ஒரு அரிசி அளவு. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள். மாமாவோடு அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது ட்யூபின் விளிம்பு என் முழங்காலில் இடித்தது.

அவர் இறங்கி, ஈரத் துணியைப் பிழிந்துவிட்டு, முதலில் செய்தது முள்ளைத் தேடியதுதான். பின்னலில் இருந்து அதைக் கழற்றி முடிச்சைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இழுக்கவில்லை. கத்தியை எடுத்து வெட்டினார். பெரிய மீன் இழுத்த முடிச்சை இரண்டாம் தடவை நம்பக் கூடாது என்பது அவர் வழக்கம். துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் கட்டையருகிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னால்தான் அக்கா என்று ஆரம்பித்தேன்.

"நீ கட்டுனது லூசு. அது சரி. பாக்காம ஏறுனது யாரு?" என்றார். கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "ஒன் மூஞ்சி வாடிரக் கூடாதுன்னு பாத்தேன். அரே, அதைவிடக் கிறுக்குத்தனம் உண்டா?"

திரும்பி வரும் வழியில் சாகண் முனையில் டீ குடித்தோம். கிளாஸைப் பிடித்திருந்த அவர் கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. பைக்கை எடுத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றேன். கிளம்பவில்லை. தாடையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றேன். அவரும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, மூன்று முறை இழுத்தார். "ம், போ" என்றார்.

நான் போகவில்லை. கையை நீட்டி அவர் பட்டையைப் பிடித்தேன். அவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த வீட்டில் இருந்த நான்கு வருஷத்தில் அவர் எதற்கும் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே நின்றார். ஒரே ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். பட்டை முழுசாக என் கையோடு வந்துவிட்டது. பூட்டு உடைந்திருந்தது. வெறுமனே செருகி வைத்திருந்தார்.

"எத்தனை நாளா அக்கா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும். அசூ தே, இருந்துட்டுப் போகுது." தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யாரும் இழுத்துப் பாத்ததில்லையே."

என் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் தலையில் இருந்ததை எடுத்துப் பைக்கின் மேல் வைத்துவிட்டு, என்னுடையதை அவருக்கு மாட்டினேன். கொஞ்சம் பெரிசு. பட்டையை இறுக்கிப் பூட்டினேன். நான் அன்றைக்குப் பஸ்ஸில்தான் சாகணுக்குப் போக வேண்டியிருந்தது, அதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. தாடைக்குக் கீழே கையை விட்டு இழுத்தேன். அவர் தலை மூன்று முறை ஆடியது.

"ம், போங்க" என்றேன்.